ஒன்றை அழுத்தவும்

"இந்த வீட்டிலிருந்து லேண்ட்லைன் போன் விடைபெறுகிறது" என்று காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்பாளர் அறிவித்தார்.

அறிவிப்பது அவருக்குத் தொழில். பெரிய பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் சொல்பவர். அந்தக் குரலுக்கு அங்கே தனி மரியாதை. "பயணிகள் கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் டீ குடிப்பவர் டம்ளரைக் கீழே வைப்பார், தூங்குகிறவர் எழுந்து பையைத் தேடுவார், அழுகிற குழந்தைகூட வாயைத் திறந்தபடி ஸ்பீக்கரைப் பார்க்கும். அதே குரல் வீட்டுக்குள் வரும்போது மட்டும் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கழன்றுவிடும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இன்று என்னவோ துணிந்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

மனைவி தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் வாதாடத் தயாராக வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

"இனிமே எல்லாம் இன்டர்நெட் போன்தான். அதே நம்பர், ஆனா நெட்ல வரும்."

"சரிங்க."

"சரியா?"

"சரின்னுதானே சொன்னேன்."

"ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லணும்னா நீங்களே சொல்லுவீங்க. சொல்லக்கூடாதுன்னா, கேட்டாலும் பொய்தான் வரும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அறிவிப்பாளருக்கு டீ புரையேறியது. மனைவி வந்து உச்சந்தலையில் தட்டினாள். கொஞ்சம் தேவைக்கு மேலேயே தட்டியதாக அவருக்குப் பட்டது.

விஷயம் இதுதான். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டின் முன் அறை காலியாகக் கிடந்தது. மனைவி பல வருஷமாக அடுத்தவர்களின் பியூட்டி பார்லரில் நின்றுகொண்டே வேலை செய்தவள். அடுத்தவர் கடையில் அடுத்தவர் தலையை வெட்டிக் கால் வீங்கினது போதும், முன் அறையில் சொந்தமாக ஒரு பார்லர் வைக்கிறேன் என்று ஒருநாள் கேட்டாள். அறிவிப்பாளர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "முன் ரூம் உனக்குத்தான். எடுத்துக்கோ" என்று மைக் இல்லாமலே கணீரென்று சொல்லிவிட்டார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதே வாரம் அவருடைய அக்கா போன் பண்ணினாள். கூரை ஒழுகுகிறது, மொத்தமாகப் பிரித்துப் போட வேண்டும், அதுவரை எங்கே போய் இருப்பேன் என்று குரல் உடைந்து கேட்டாள். அறிவிப்பாளருக்கு அந்த நெஞ்சு இன்னும் நிறைந்தபடியே இருந்தது. "நீ கவலையே படாதே அக்கா. நம்ம வீட்டு முன் ரூம் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

ஒரே நடைமேடையில் ஒரே நேரத்துக்கு இரண்டு வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அவரைத்தான் கைகாட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், சொந்த வீட்டில் இதைச் செய்துவிட்டு, போனை வைத்த பிறகுதான் பேந்தப் பேந்த விழித்தார்.

வீட்டில் இன்னொரு அறை இல்லாமல் இல்லை. பின்பக்கம் சின்னதாக ஒன்று உண்டு. அதற்குக் குரல் அறை என்று அவரே பெயர் வைத்திருந்தார். அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பழைய ஸ்பீக்கர், ஒரு மின்விசிறி. குரலுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று மதியம் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். சாயங்காலம் வரை குறட்டைதான் பயிற்சி பெறும். அந்த அறையை யாருக்காவது கொடுக்கலாம் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். வார்த்தை தொண்டை வரை வரும். அவள் ஏதாவது நாற்காலிப் படத்தை மொபைலில் காட்டி, "இது பாருங்க, காலால அமுக்கினா மேல போகுமாம், சுத்துமாம்" என்பாள். வார்த்தை மென்று முழுங்கப்பட்டுத் திரும்ப வயிற்றுக்கே போய்விடும். அக்காவிடம் மறுக்கலாம் என்றால் அது இன்னும் கஷ்டம். அக்காவுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது.

இதில் பெரிய ஆபத்து போன்தான். அக்கா மொபைலுக்குப் போட மாட்டாள். "சட்டைப் பையில இருக்கிற போன்ல குடும்ப விஷயம் பேசினா பஸ் ஸ்டாண்டு பூரா கேக்கும்டா" என்பாள். அதில் நியாயமும் இருந்தது; கண்ணாடி அறைக்குள் மைக் போட்டிருக்கும்போது ஒருமுறை அவர் மொபைல் அடித்து, மேலதிகாரி அன்றிலிருந்து அதை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார். ஆகவே அக்கா அழைப்பது வீட்டு லேண்ட்லைனுக்குத்தான். போன் இருப்பதோ ஹாலில். எடுப்பது யார் முந்துகிறார்களோ அவர்கள்.

அன்றிலிருந்து மணி அடித்தாலே அறிவிப்பாளர் துள்ளி எழுவார். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு ஓடிவருவார். முகச் சவரம் பாதியில் நிற்கும். ஒருநாள் அக்காவே பேசினாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ம்... ம்... ஆகட்டும்... பார்த்துக்கலாம்" என்று குசுகுசுத்து வைத்தார்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"ராங் நம்பர்."

"ராங் நம்பரா? இவ்வளவு நேரம் பேசினீங்க?"

"பாவம், ரொம்ப ராங்கா போட்டுட்டாங்க. சரியான நம்பரைச் சொல்லிக் கொடுத்தேன்."

இப்படியே போனால் உயிர் தங்காது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், வேறு ஏதோ வேலையாக ஒரு வங்கிக்குப் போன் பண்ணினார். ஒரு பெண் குரல், "கணக்கு விவரங்களுக்கு ஒன்றை அழுத்தவும், அட்டை விவரங்களுக்கு இரண்டை அழுத்தவும்" என்றது. நீங்களும் நானும் அந்தக் குரலைக் கேட்டால் பல்லைக் கடிப்போம். அறிவிப்பாளர் அதைத் தொழில்முறைக் காதால் கேட்டார். உச்சரிப்பு சுமார்தான், ஆனால் ஏற்பாடு அபாரம் என்று அவருக்குப் பட்டது. ஒன்றை அழுத்துகிறவர் ஒருவரிடம் போகிறார், இரண்டை அழுத்துகிறவர் இன்னொருவரிடம். இருவரும் சந்திப்பதே இல்லை. வீட்டுக்கும் இப்படி ஒன்று இருந்தால்? விசாரித்தார். இன்டர்நெட் போனில் எல்லாம் முடியும் என்றார்கள். அந்த நிமிஷமே லேண்ட்லைனின் விதி முடிந்தது.

நெட் கம்பெனியின் டெக்னீஷியன் ஏணியோடு வந்தார். நிதானமான மனிதர். ஒரு வெள்ளைப் பெட்டியை ஹால் சுவரில் மாட்டி, அதிலிருந்து ஒரு வயரைப் புதுப் போனுக்கு இழுத்தார். பெட்டியில் பச்சை விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது.

"கனெக்‌ஷன் மேடம் பேர்ல இருக்கே சார்" என்றார்.

"என் பேர்லதான் இருக்கும். நல்லா பாருங்க."

"என் பேர்லதான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "அப்ளிகேஷன் போட்டப்ப, வரிசையில நின்னா குரல் கெட்டுடும்னு என்னைத்தானே அனுப்பினீங்க?"

"அதனால ஒண்ணுமில்ல சார்" என்றார் டெக்னீஷியன். "மேடம் மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னா போதும், இதே நம்பர் நெட்டுக்கு மாறிடும்."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நம்பரைப் படித்துச் சொன்னாள். "இது எதுக்குங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஃபார்மாலிட்டி" என்று அறிவிப்பாளர் முந்திக்கொண்டார்.

அறிவிப்பாளர் அதோடு அதை மறந்துவிட்டார். மனைவி மறக்கவில்லை. தனக்கு வருகிற எதையும் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் அவளுக்கு. ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட விட மாட்டாள். கம்பெனியிலிருந்து வந்த மெசேஜை ஜன்னலோரம் போய் நின்று முழுக்கப் படித்தாள். அவள் மறுபடி உள்ளே போனதும் அவர் டெக்னீஷியனின் காதருகே குனிந்தார்.

"ஒண்ணை அழுத்தினா என் மொபைல் மட்டும்தான் அடிக்கணும். ஹால் போன் மூச்சு விடக்கூடாது."

"பண்ணிடலாம் சார். இரண்டை அழுத்தினா ஹால் போன். எதையுமே அழுத்தலைன்னா?"

"அழுத்தாம யாராவது இருப்பாங்களா?"

"நிறைய பேர் இருப்பாங்க சார். அவங்க பேசுறது மெசேஜா பதிவாகும்."

"ஆகட்டும், ஆகட்டும். குரலை எங்க பதிவு பண்றது? அதைச் சொல்லுங்க."

அந்த மெசேஜ் எங்கே போய்ச் சேரும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு எங்கே நேரம்? குரல் கொடுக்கிற வாய்ப்பு என்றதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார், வெந்நீர் குடித்தார், எழுந்து நின்றார்.

"பயணிகள் கவனத்திற்கு—"

"எத்தனாவது பிளாட்பாரம்?" என்றது சமையலறை.

மறுபடி ஆரம்பித்தார். அதில் "புறப்படத் தயாராக உள்ளது" என்று வாய் தானாகப் போய்விட்டது. டெக்னீஷியன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். கடைசியில் ஒருவழியாக அமைந்தது: "வணக்கம். வீட்டுக்காரருடன் பேச ஒன்றை அழுத்தவும். வீட்டுக்காரியுடன் பேச இரண்டை அழுத்தவும். நன்றி." போட்டுக் கேட்டபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"அழகா இருக்குங்க" என்றாள் மனைவி, நிஜமாகவே. "இதை எப்ப வேணா மாத்திக்கலாமா?"

"மாத்தலாம் மேடம். உங்க மொபைல்லயே பண்ணலாம்" என்றார் டெக்னீஷியன். அறிவிப்பாளர் அப்போது தன் குரலைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ் நிலைய வராந்தாவில் நின்று மொபைலில் அக்காவை அழைத்தார்.

"அக்கா, இனிமே வீட்டுக்குப் போன் பண்ணினா ஒண்ணை அழுத்து."

"எதை?"

"ஒண்ணு. நம்பர் ஒண்ணு."

"நம்பர் பூரா அழுத்தித்தானேடா போனே போடறேன்? அதுக்கு மேல ஒண்ணு வேறயா?"

"ஆமாக்கா. முதல்ல என் குரல் கேக்கும். கேட்டதும் ஒண்ணை அழுத்திடு."

"உன் குரல் கேட்டாச்சுன்னா பேச வேண்டியதுதானே? எதுக்கு அழுத்தணும்?"

"அக்கா, அது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"நான்தான். ஆனா நான் இல்ல."

"டேய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதற்குள் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. நடைமேடை எண் சொல்ல ஆளில்லாமல் கண்ணாடி அறை காலியாக இருந்தது. "ஒண்ணு அக்கா! ஒண்ணு! மறந்துடாதே!" என்று கத்திவிட்டு ஓடினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றாம் நடைமேடைக்குப் போய் நின்றுகொண்டார்.

அக்கா அழைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிறு அறிவிப்பாளர் மொபைலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது அதிரும் என்று காத்திருந்து காத்திருந்து, அதிராதபோதும் அதிர்வதாகத் தோன்றி, அடிக்கொருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஹால் போனும் அடிக்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இடுப்பு வலியா?" என்றாள் மனைவி.

"இல்லையே."

"பிடிச்சுப் பிடிச்சு விடறீங்களே."

"அது... உடற்பயிற்சி."

அவள் மொபைலைக் காதில் வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"என்ன, சிரிக்கிறே?"

"ஒருத்தங்க ஜோக் அனுப்பியிருக்காங்க."

"யாரு?"

"உங்களுக்கும் தெரிஞ்சவங்கதான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. மணி அடித்தபோது இருந்த பயத்தைவிட அடிக்காதபோது இருக்கிற பயம் பெரிதாக இருந்தது. அடித்தால் ஓடிப்போய் எடுக்கலாம். அடிக்காவிட்டால் எங்கே ஓடுவது? அக்கா கோபித்துக்கொண்டாளா? ஒழுகுகிற கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறாளா? இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கப்போகிறாளா? சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சில நாட்கள் இன்னும் மோசமாகப் போயின. மனைவியின் கேள்விகள் ஒரு தினுசாக வந்துகொண்டிருந்தன.

"ஏங்க, கூரையைப் பிரிச்சுப் புதுசா போடணும்னா எத்தனை மாசம் ஆகும்?"

கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. "எ... எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான். ஒரு பொது அறிவுக்கு."

"எங்கயாவது பார்த்தியா?"

"பார்க்கலை. கேட்டேன்."

மறுநாள் அவள் கையில் அளவெடுக்கிற டேப்பை வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தாள். "ஒரு கட்டில் போட்டா சுத்தி நடக்க இடம் இருக்குமாங்க?"

"எங்க?"

"எங்கயோ. ஆமா, உங்களுக்கு ஹால்ல காத்து நல்லா வருதில்ல?"

நல்லா வருது என்று சொல்லிவிட்டு, ஏன் கேட்டாள் என்று யோசித்தே அவருக்கு வேர்த்தது.

பிறகு அந்த நாற்காலி வந்தது. கறுப்பு உறை, பளபளவென்று இரும்புக் கால், அடியில் ஒரு மிதி. முன் அறை நடுவில் அதை வைத்து எதிரே கண்ணாடி மாட்டினார்கள். மனைவி அதைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கி அவர் பார்த்ததில்லை.  இவளிடம் போய் எப்படிச் சொல்வது? நாற்காலியை எடுத்துவிட்டு அக்காவுக்குக் கட்டில் போடு என்றா?

வேலையிலும் அது வெளியே வர ஆரம்பித்தது. "தாமதமாக வரும் வண்டிக்காகக் காத்திருக்கும் பயணிகள் ஒன்றை அழுத்தவும்" என்று ஒருநாள் மைக்கில் சொல்லிவிட்டார். பயணிகள் எதை அழுத்துவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே, இனி தாங்காது என்று, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடியே மொபைலைத் திறந்து அக்கா வீட்டுக்கு அடித்தார். எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் டமால் டமாலென்று எதையோ உடைக்கிற சத்தம்.

"நான் கூரை வேலை பார்க்கிறவன். நீங்க யாரு?"

"நான் தம்பி. அக்கா எங்க?"

"அம்மா காலையிலயே பெட்டியோட கிளம்பிட்டாங்களே. உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்கா? யார் வரச் சொன்னா?"

"உங்க வீட்டம்மாதான் போன் பண்ணாங்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. தம்பிகிட்ட அவ்வளவு நேரம் பேசினேன், நன்றின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு உம்முனு இருந்தான்னாங்க."

அறிவிப்பாளருக்குச் சட்டென்று விளங்கியது. நன்றி. அவரே, எழுந்து நின்று, வெந்நீர் குடித்துவிட்டு, உருக்கமாகச் சொன்ன நன்றி. அக்கா எதையும் அழுத்தவில்லை. அவர் குரலைக் கேட்டதும் அவர்தான் என்று நினைத்துப் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறாள். உடனே டெக்னீஷியனை அழைத்தார்.

"எதையும் அழுத்தாம பேசினா மெசேஜா பதிவாகும்னீங்களே, அது எங்க போகும்?"

"அக்கவுண்டு யார் பேர்ல இருக்கோ அவங்க மொபைலுக்குத்தான் சார். மேடம் கேட்டிருப்பாங்களே."

"ஐயோ, எல்லாம் போச்சு!" என்று அலறிவிட்டார்.

அலறியபோது முழங்கை மைக் பொத்தான்மேல் இருந்தது. பஸ் நிலையத்தின் எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. அடுத்த நிமிஷம் கண்ணாடி அறையைச் சுற்றிக் கூட்டம். "எல்லா வண்டியுமா சார் போச்சு?" என்று ஒரு பெரியவர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தி, மாற்று ஆளை உட்காரவைத்து, மேலதிகாரியிடம் தலைவலி என்று சொல்லி, அறிவிப்பாளர் வீட்டுக்கு ஓடினார். வழி முழுக்க என்ன பொய் சொல்வது என்று யோசித்தார். ஒன்றும் அமையவில்லை.

முன் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலி மெல்லச் சுழன்று அவர் பக்கம் திரும்பியது. அதில், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, தலை முழுக்கக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வாடா, நன்றி" என்றாள்.

மனைவி காலால் மிதியை அமுக்கினாள். அக்கா கொஞ்சம் மேலே போனாள்.

"அக்கா, அது வந்து... நான் என்ன நினைச்சேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொன்னதைக் கேளு" என்ற அக்கா, "போடும்மா அதை" என்றாள்.

மனைவி மொபைலைக் கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்துத் தட்டினாள். அக்காவின் குரல் அறை முழுக்க எழுந்தது:

"டேய், ஒண்ணும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம், நான் சொல்றதைக் கேளு. கூரையைப் பிரிக்க ஆள் வரப்போறான். முன் ரூமைக் காலி பண்ணிட்டியா? அவகிட்ட சொன்னியா? சொல்லியிருக்க மாட்டே. எனக்குத் தெரியும். ஏன்டா உம்முனு இருக்கே? அவ பக்கத்துல இருக்காளா? இருந்தா ஒரு தடவை இருமு." கொஞ்ச நேரம் அமைதி. "இருமலையே. அப்ப இல்ல. சரி, நான் சொல்றேன்..."

அறிவிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கதான் இருமலை" என்றாள் மனைவி. "பாவம், அண்ணி காத்துக்கிட்டே இருந்தாங்களேன்னு நான் அப்புறமா போன் பண்ணி இருமினேன்."

"அந்த இருமலைக் கேட்டே நான் கண்டுபிடிச்சிட்டேன், அது அவதான்னு" என்றாள் அக்கா பெருமையாக. "அப்புறம் தினம் பேசறோம். இந்த நெட் போன் நல்லா இருக்குடா. எவ்வளவு தெளிவா கேக்குது!"

அவர் அசடு வழிந்தார். வேறு என்ன செய்வது?

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணி வரக்கூடாதுன்னு நான் சொல்லுவேன்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு, என்னைப் பத்தி இதுதான் நினைச்சீங்களா?"

கேட்டுவிட்டு அவள் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"தப்புதான்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "ஆனா முன் ரூம் ஒண்ணுதானே இருக்கு. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேனே. என்னதான் பண்றது?"

அக்காவும் மனைவியும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதை நாங்க அன்னைக்கே முடிச்சிட்டோம்" என்றாள் மனைவி. "முன் ரூம் பார்லருக்கு. அண்ணி இருக்கிறவரைக்கும் சாயம் கலக்கறது, துண்டு மடிக்கறது எல்லாம் அவங்க பாத்துக்கறேன்னுட்டாங்க. அண்ணிக்குப் பின் ரூம்."

"பின் ரூமா? அது குரல் ரூம்! என் நாற்காலி?"

"ஹால்ல போட்டாச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தார். சாய்வு நாற்காலி ஹாலில், வெள்ளைப் பெட்டிக்கு நேர் கீழே கிடந்தது. பழைய ஸ்பீக்கர் அதன் பக்கத்தில். உட்கார்ந்து பார்த்தார். பச்சை விளக்கு சரியாக அவர் கண்ணுக்குள் சிமிட்டியது. போன் காதுக்கு அருகில் இருந்தது.

"காத்து நல்லா வருதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்று முன் அறையிலிருந்து குரல் வந்தது. "போன் அடிச்சா சோப்பு நுரையோட ஓடிவர வேண்டாம் பாருங்க."

போன் அடிக்கத்தான் செய்தது. பார்லர் திறந்த சேதி தெருவுக்குத் தெரிந்ததும், குரல் பயிற்சிக்கு அவர் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் ஒவ்வொருத்தியாக முடிவெட்ட நேரம் கேட்டாள். அறிவிப்பாளர் தூக்கமில்லாமல் வேலைக்குப் போனார். இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று தீர்மானித்தார். பின் அறையை மதியத்தில் மட்டுமாவது தனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நேரில் சொன்னால் வார்த்தை வயிற்றுக்குப் போய்விடும். போனிலேயே, தன் சொந்தக் குரலில், தன் சொந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

கண்ணாடி அறைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வீட்டு நம்பரை அடித்தார்.

அவருடைய "வணக்கம்" வரவில்லை. மனைவியின் குரல் வந்தது. பஸ் நிலையத்தில் அவர் இழுக்கிற அதே இழுப்பு, அவர் நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தம். நடுவில் அக்கா களுக்கென்று சிரிப்பதும் பதிவாகியிருந்தது.

"வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. முடி வெட்ட, சாயம் போட ஒன்றை அழுத்தவும். முகத்துக்கும் புருவத்துக்கும் இரண்டை அழுத்தவும். அண்ணியுடன் பேச மூன்றை அழுத்தவும். அழைப்பது வீட்டுக்காரராக இருந்தால் எதையும் அழுத்த வேண்டாம். நாங்கள் சொன்னதற்குச் சம்மதம் என்றால், ஒரு தடவை இருமினால் போதும். நன்றி."

பிறகு அமைதி. பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று அந்த அமைதியிலேயே தெரிந்தது.

அறிவிப்பாளர் இப்படியும் அப்படியும் பார்த்தார். மைக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கையை வாயருகே வைத்து, மரியாதையாக, ஒரு தடவை இருமினார்.